உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வரும் மெலனோமா: எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் என்ன செய்வது

குளித்து முடித்த கையோடு ஒரு நாற்காலியில் உட்காருங்கள். இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் போட்டு, உள்ளங்காலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், அப்புறம் வலது கால். முகத்தில் ஒரு பரு வந்தால் நாளைக்குப் பத்துமுறை கண்ணாடி பார்க்கும் நாம் உள்ளங்காலை வருடக்கணக்கில் பார்ப்பதில்லை, முள் குத்தினால்தான் திருப்பிப் பார்க்கிறோம். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோல்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால், அது அதிகம் வரும் இடங்களில் முக்கியமானது அந்த உள்ளங்கால்தான். அடுத்தது உள்ளங்கை, அப்புறம் நகத்துக்கு அடியில்.

"நமக்கெல்லாம் தோல் கேன்சர் வராது, அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது" என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதிதான் உண்மை. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களில் கிளம்பும் புற்றுநோய்தான் மெலனோமா. அதில் வெயிலால் வருகிற வகை நமக்கு மிகக் குறைவு, நம் தோலின் நிறமே அதற்குக் காவல். ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகப்படுக்கை ஆகிய இடங்களில் வரும் ஏக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா என்ற வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் அபூர்வ நோய் இது. வெள்ளைக்காரர்களுக்கு வரும் மெலனோமாக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் இந்த வகை, ஆசியர்களுக்கு வருவதில் ஏறக்குறைய பாதி இதுதான். 1976ல் ரிச்சர்ட் ரீட் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்.

வெயிலால் வருவதில்லை என்பதால் சன்ஸ்கிரீன் போட்டு இதைத் தடுக்க முடியாது. சாப்பாட்டில் எதையாவது கூட்டியோ குறைத்தோ தடுக்கவும் வழியில்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. தோலின் மேலடுக்கிலேயே இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் அநேகமாக அத்தோடு முடிந்துவிடும், ஆழமாக இறங்கிய பிறகு கதை வேறு. இந்த நோயில் ஆட்களை இழப்பதற்கு முக்கியக் காரணம் தாமதம். அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி வீட்டிலும், சில சமயம் முதலில் பார்த்த மருத்துவரிடமும் நடப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது

மாதம் ஒருமுறை போதும், தினமும் பார்த்துப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்காரர்கள் எப்படியும் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டியவர்கள்தான், அந்தப் பழக்கத்திலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செருப்பு அழுக்கு, மண், வெடிப்பில் ஏறிய கறை எல்லாம் போகும்படி தேய்த்துக் கழுவுங்கள். குதிகால், முன்பாதத்தின் மேடு, உள்வளைவு, விரல் இடுக்குகள், விரல்களின் அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். உடம்பின் பாரம் இறங்கும் குதிகாலையும் முன்பாதத்தையும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். மெட்டி போட்டிருந்தால் நகர்த்திப் பாருங்கள். நெயில் பாலிஷை முழுக்க எடுத்துவிட்டுப் பாருங்கள். மருதாணிதான் பெரிய தொல்லை, தோலில் சில நாளில் போய்விடும், நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெளியேறும்வரை போகாது, அதனால் மருதாணி வைக்கும் முன்பு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, கல்யாண வீடாக இருந்தாலும் இரண்டு நிமிடம் ஒதுக்கலாம். கால் மடக்க முடியாத பெரியவர்களுக்கு வேறு யாராவது பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் நகம் வெட்டிவிடுவதே இதற்கு நல்ல சந்தர்ப்பம். தனியாக இருப்பவர்கள் போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஏதாவது புள்ளியோ கோடோ இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொன்று. "முன்னாடி இருந்ததா, பெரிசாகியிருக்கா" என்று மருத்துவர் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட இந்தப் படங்கள் பல மடங்கு உதவும்.

உள்ளங்காலில் எதைக் கண்டு சந்தேகப்பட வேண்டும்

நம் நிறத்தவருக்கு உள்ளங்காலில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் இருப்பது சாதாரணம். ஒரே நிறமாக, ஓரம் தெளிவாக, வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சந்தேகப்பட வேண்டியது, நடுவயதுக்குப் பிறகு புதிதாக வந்த கறை, அல்லது பழைய மச்சம் மாறத் தொடங்குவது. ஆரம்பத்தில் இது மேடாகவே இருக்காது. மை கொட்டிய மாதிரி தட்டையாக, ஓரம் சீரில்லாமல், ஓரிடத்தில் வெளிர்ப்பழுப்பு, ஓரிடத்தில் கருப்பு என்று கலந்து, மெல்ல மெல்லப் பரவும். வலிக்காது, அரிக்காது, அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மற்ற எதையும் யோசிக்காமல் காட்டிவிடுங்கள்.

பாதத்துக்கென்று மருத்துவர்கள் வைத்திருக்கும் கேள்விகள் எளிமையானவை, நாமும் கேட்டுக்கொள்ளலாம். தோலின் இயல்பான நிறம் இல்லாமல் வேறு நிறமாக இருக்கிறதா? இது இன்னதுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்லாமல் ஆளுக்கொன்று சொல்கிறார்களா? ரத்தமோ நீரோ கசிகிறதா? சிகிச்சை செய்தும் பெரிதாகிக்கொண்டே போகிறதா? இரண்டு மாதத்துக்கு மேலாகியும் ஆறவில்லையா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் குழப்பமாக இருந்தால் அதையும் ஆம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா மெலனோமாவும் கருப்பாக இருக்காது. நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாக, சதை வளர்ந்த மாதிரியோ மரு மாதிரியோ ஆறாத புண் மாதிரியோ வரும் வகையும் உண்டு, உள்ளங்காலிலும் நகத்தடியிலும் அது அவ்வளவு அபூர்வமும் இல்லை. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இது பெரிய பொறி. பாதத்தில் புண் என்றாலே "சர்க்கரைப் புண்" என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பாதத்தில் இறங்கும் பாரத்தைக் குறைத்து, சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, ஒழுங்காகக் கட்டுப் போட்டும் புண் சுருங்கவே இல்லை என்றால், அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஆணிக்கால், குதிகாலில் உராய்வால் ரத்தம் கட்டிய கரும்புள்ளி, பாதத்து மரு, முள் உள்ளே தங்கிய இடம் ஆகியவைதான் இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுபவை. ரத்தக்கட்டு என்றால் மேல்தோலைச் சுரண்டும்போதே போய்விடும், அதை மருத்துவர் செய்யட்டும், நீங்கள் பிளேடு எடுக்க வேண்டாம்.

நகத்தில்

நகத்தின் அடியிலிருந்து நுனிவரை ஓடும் பழுப்புக் கோடு நம்மிடையே நிறையப் பேருக்கு இருக்கிறது. கைவிரல்கள் பலவற்றில், மெல்லியதாக, ஒரே மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் நம் நிறத்தோடு வந்தது. சில மருந்துகளாலும் பல நகங்களில் கோடு வரும். ஒரே ஒரு விரலில் மட்டும், அதுவும் கைக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயதுக்குப் பிறகு புதிதாக ஒரு கோடு வந்தால்தான் உஷாராக வேண்டும். அகலம் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கிறதா, மாதா மாதம் அகலமாகிறதா, நுனியைவிட அடிப்பக்கம் அகன்று முக்கோணம் போலத் தெரிகிறதா, கோட்டுக்குள் பல நிறம் கலந்திருக்கிறதா, நகம் அந்த இடத்தில் பிளக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான அறிகுறி, கருமை நகத்தைத் தாண்டி நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் படர்வது. 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஜொனாதன் ஹட்சின்சன் இதைக் கவனித்து எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் அந்த அறிகுறியைச் சொல்கிறார்கள். அது தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் நகத்தில் வரும் கோடு பெரும்பாலும் சாதாரண மச்சம்தான். ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் இடைவெளியில் கவனித்தால் போதும், பதற வேண்டாம்.

"கதவிடுக்கில் நசுங்கியது", "பந்து விளையாடும்போது அடிபட்டது" என்பதுதான் நகம் கருத்தால் எல்லோரும் சொல்லும் காரணம், பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நகத்தடியில் கட்டிய ரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், அதன் பின்னால் சுத்தமான நகம் வளர்ந்து வரும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர், கால்நகம் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். நகம் கிளம்பும் இடத்தில் நகத்தின் மேல் ஒரு சின்னக் குறி கிழித்துவைத்து, கருமை எங்கே முடிகிறது என்று படம் எடுத்துக்கொண்டு, கைநகமானால் ஒரு மாதம், கால்நகமானால் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். குறி நகர்ந்தும் கருமை இருந்த இடத்திலேயே நிற்கிறதென்றால் அது ரத்தக்கட்டு இல்லை. ஆனால் இந்தச் சோதனை, நிஜமாகவே அடிபட்டது நினைவிருப்பவர்களுக்கு மட்டும். அடிபட்டதே நினைவில்லை என்றால், அல்லது மேலே சொன்ன அறிகுறி ஏதாவது இருந்தால், காத்திருக்காமல் போய்விடுங்கள்.

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இதே நோய்தான். 1977ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள், கால்பந்து ஆடி அடிபட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, நகத்தையும் நகப்படுக்கையையும் மட்டும் எடுத்து வேறிடத்துத் தோலை வைத்தார்கள். நோய் பரவி 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36. அடிபட்டதால்தான் இந்த நோய் வருகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை, ஆனால் அடிபட்ட கதை நோயைப் பல மாதம் மறைத்துவைக்கும் என்பது நிச்சயம்.

செய்யக்கூடாதவை

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்து மச்சத்தைச் சுடுவது, மருவில் குதிரை முடி கட்டுவது, கருப்பாக எது இருந்தாலும் ஆணி என்று முடிவு கட்டி மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவது, பிளேடால் சீவுவது, எருக்கம்பால் விடுவது என எதுவுமே வேண்டாம். இவை நோயைப் பரப்பிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. மேலே உள்ளது கருகி உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம், அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும், பிறகு மருத்துவர் பார்க்கும்போது உருவமே கலைந்துபோயிருக்கும்.

கிளினிக்குகளுக்கும் இதே விதிதான். பாதத்திலோ நகத்திலோ உள்ள கருப்பு வளர்ச்சியை லேசரிலோ கரண்ட் வைத்தோ சுட்டு எடுக்கிறேன் என்று சொன்னால், "பேத்தாலஜிக்கு அனுப்புவீர்களா" என்று முதலில் கேளுங்கள். சுட்டுச் சாம்பலாக்கியதைச் சோதிக்க முடியாது. உடம்பிலிருந்து எடுத்த எந்தத் துண்டையும் குப்பையில் போட விடாதீர்கள். நகச்சொத்தை என்று சொல்லி நகத்தைப் பிடுங்கினாலும் சரி, மரு என்று சொல்லி வெட்டினாலும் சரி, அது ஃபார்மலினில் போட்டு லேப்புக்குப் போக வேண்டும், ரிப்போர்ட் உங்கள் கைக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம்

தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாகவே காட்டலாம். அழகு சிகிச்சை மட்டும் செய்யும் இடங்கள் இதற்கு வேண்டாம். எப்போதிலிருந்து இருக்கிறது, எப்படி மாறியது, இதுவரை என்னென்ன போட்டீர்கள், வீட்டில் யாருக்காவது மெலனோமா இருந்ததா என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, படங்களையும் எடுத்துப் போங்கள். சுண்ணாம்பு வைத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளங்காலின் தோல் உழுத நிலம் போல மேடும் பள்ளமுமாக வரி வரியாக இருக்கும். சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்து வரிகளில் தங்கும், மெலனோமாவில் மேட்டு வரிகளில் படியும். ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்துச் சொன்ன இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கருவியில் ஆரம்பத்திலேயே தெரியும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பயாப்சி, அதாவது துண்டு எடுத்துச் சோதிப்பது. "கத்தி வைத்தால் கேன்சர் பரவும்" என்ற பயத்தில் பல குடும்பங்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. மெலனோமாவில் பயாப்சி எடுப்பதால் நோய் பரவுவதில்லை, எடுக்காமல் விடுவதால்தான் பரவுகிறது. சின்னதாக இருந்தால் சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் விட்டு முழுதாகவே எடுப்பார்கள், பெரிதாக இருந்தால் தடிமனான இடத்திலிருந்து ஆழமாக ஒரு துண்டு. மேலோட்டமாகச் சீவி எடுப்பது சரிவராது, ஆழம் எவ்வளவு என்பதுதானே கேள்வி. நகத்தில் என்றால் கோடு கிளம்பும் நகவேரிலிருந்து எடுக்க வேண்டும், அதில் அனுபவம் உள்ளவரிடம் போவது நல்லது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

மெலனோமா என்று வந்துவிட்டால், முதலில் ப்ரெஸ்லோ தடிமன் என்ற வரியைத் தேடுங்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பது அது. மேலடுக்கைத் தாண்டவில்லை என்றால் 'இன் சிட்டு' என்று போட்டிருக்கும், நல்ல செய்தி. 1 மில்லிமீட்டருக்குள் இருந்தாலும் நல்ல நிலைமைதான். 4க்கு மேல் என்றால் கடினமான நிலை. அடுத்தது மேல்தோல் புண்ணாகியிருக்கிறதா என்ற வரி, புண் இருந்தால் அதே தடிமனிலும் ஆபத்து கூடும். மூன்றாவது, வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்பது. தடிமன் குறிப்பிடாமல் வெறுமனே மெலனோமா என்று மட்டும் எழுதியிருந்தால், லேப்பில் அதைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த துண்டை வைத்திருக்கும் சிலைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மருத்துவமனையில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள், மரபணுச் சோதனைக்கும் அதுதான் வேண்டும்.

இதற்கப்புறம் புற்றுநோய் மருத்துவமனைதான். 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா நினைவு அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., இலங்கையில் மஹரகம அபெக்ஷா மருத்துவமனை என்று வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள், பணம் கட்டிய பிறகு கேட்டால் சிக்கல்.

சிகிச்சையின் அடிப்படை அறுவைதான். தடிமனைப் பொறுத்து சுற்றிலும் அரை சென்டிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். உள்ளங்காலில் தோல் இழுத்துத் தைக்க வராது என்பதால் வேறிடத்துத் தோல் வைக்க வேண்டியிருக்கும். நகத்தடியில் ஆழமாக இறங்கியிருந்தால் விரலின் ஒரு பகுதியை எடுக்கச் சொல்வார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், அழுகை வரும், அது இயல்பு. இன் சிட்டு நிலையில் விரலைக் காப்பாற்றி நகப்பகுதியை மட்டும் எடுக்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆழமானது என்றால் விரலா உயிரா என்று யோசித்து நாள் கடத்தாதீர்கள். தடிமன் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால், கால் என்றால் பெரும்பாலும் தொடையிடுக்கில் உள்ள முதல் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கும் சென்டினல் சோதனையைப் பற்றியும் பேசுவார்கள். அதை, அகலமாக வெட்டும் அறுவையோடு சேர்த்தே செய்வது வழக்கம், அதனால் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பரவிய நிலையில் முன்பு கையில் அதிகம் இல்லை. 2011லிருந்து இபிலிமுமாப், 2014லிருந்து பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிறகு இந்தியாவுக்கும் வந்தன. ஏக்ரல் வகையில் இவற்றின் பலன் மற்ற மெலனோமாவைவிடக் குறைவுதான், விலையும் மலைக்க வைக்கும், ஆனாலும் பலருக்கு உதவுகின்றன. இந்த வகையில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் குறைவு, கிட் என்ற மரபணுவில் மாற்றம் கொஞ்சம் அதிகம், அப்படி இருந்தால் இமாட்டினிப் மாத்திரை சிலருக்குக் கேட்கும். அதனால் மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்டுவிட்டு மருந்தை முடிவு செய்யுங்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின், ஆரம்ப வருடங்களில் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் வரச் சொல்வார், தவறாமல் போங்கள். வீட்டில் மாதம் ஒருமுறை தழும்பைச் சுற்றியும், அங்கிருந்து மேலே காலின் தோலையும், தொடையிடுக்கையும் முழங்கால் பின்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு கெட்டியான முடிச்சோ புதிய கரும்புள்ளியோ தட்டுப்பட்டால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம், போன் செய்து முன்னாலேயே போய்விடுங்கள். தோல் வைத்த பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும், கல் குத்தினாலும் தெரியாது. சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பை வாங்கி வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள், கோயிலுக்குப் போனால் உச்சிவெயிலில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றாமல் காலையிலோ இருட்டிய பிறகோ போய்வாருங்கள்.